தொண்டை வலி: எப்போது பொறுக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது?

தைப்பூசம் முடிந்த வாரம் ஜார்ஜ் டவுனில் எந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் ஒரே புகார்தான் காதில் விழும். "தொண்டை வலிக்குது டாக்டர்." தண்ணீர்மலை அடிவாரத்தில் விடிய விடிய "வேல் வேல்" என்று முழங்கியவர், தண்ணீர்ப் பந்தலில் ஐஸ் போட்ட ரோஸ் சிரப் குடித்தவர், கூட்டத்தில் யாரோ தும்மியதை வாங்கிக்கொண்டு வந்தவர் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பெஞ்சில் மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவன் ஏழு வயதுப் பையன். நேற்றிலிருந்து 39 டிகிரி காய்ச்சல். தொண்டை வலியால் சோறு இறங்கவில்லை. கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டியிருக்கிறது. இருமல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை.

இரண்டாமவர் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் 28 வயதுப் பொறியாளர். மூக்கு ஒழுகுகிறது, இருமல், குரல் கரகரப்பு, இலேசான உடம்பு வலி. "திங்கட்கிழமை வேலைக்குப் போகணும், நல்ல ஆன்டிபயாட்டிக்கா கொடுங்க" என்று கேட்கத் தயாராக இருக்கிறார்.

மூன்றாமவர் 45 வயது அக்கா. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று நாளாகத் தொண்டை வலி, கூடவே காய்ச்சல். "உடம்புச் சூடுதான்" என்று பார்லி தண்ணீர் குடித்துப் பார்த்தார். மகள் வற்புறுத்தியதால் வந்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரலாமே" என்று எழுந்துகொண்டிருக்கிறார்.

இந்த மூவரில் யார் முதலில் உள்ளே போக வேண்டும்? பெரும்பாலோர் பையனைக் காட்டுவார்கள். உண்மையில் முதலில் போக வேண்டியவர் அந்த அக்கா. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் தொண்டை எதனால் வலிக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பத்தில் பெரும்பங்கு வைரஸ்

மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வரும் கிருமிகள் முதலில் கடக்க வேண்டிய வாசல் தொண்டை. அங்கே இருபக்கமும் காவல்காரர்கள் போல இருப்பவைதான் டான்சில்கள். கிருமியை எதிர்த்து உடம்பு போராடும்போது அந்த இடம் சிவந்து வீங்குகிறது. அந்த வீக்கத்தைத்தான் நாம் வலியாக உணர்கிறோம்.

பெரும்பாலான தொண்டை வலிக்குக் காரணம் வைரஸ். சளிக் காய்ச்சல் வைரஸ், இன்ஃபுளுவென்சா, கோவிட் எல்லாம் இதில் அடங்கும். இவற்றின் அடையாளம், தொண்டை வலியோடு வேறு துணைகளும் சேர்ந்து வருவது. மூக்கு ஒழுகும், இருமல் வரும், குரல் கம்மும், கண் சிவக்கும். மூன்று நான்கு நாளில் வலி தணியத் தொடங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். இதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கொடுத்தாலும் வேலை செய்யாது. நம் பொறியாளர் இந்த வகை. வீட்டில் கோவிட் பரிசோதனைக் கருவி இருந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வயதான பெற்றோருடன் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு, முக்கியமாக ஐந்து வயதுக்குக் கீழே, கை, கால், வாய்ப்புண் நோய் பெரும்பாலும் காய்ச்சலோடும் தொண்டை வலியோடும்தான் தொடங்கும். ஓரிரு நாள் கழித்துத்தான் வாயில் புண்ணும், உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளமும் தெரியும். பால்வாடிக்கும் பாலர் பள்ளிக்கும் போகும் பிள்ளை திடீரென்று சாப்பிட மறுத்தால், வாயையும் கையையும் காலையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

பதின்ம வயதினருக்கும் இருபதுகளில் இருப்பவர்களுக்கும் வரும் இன்னொன்று சுரப்பிக் காய்ச்சல். எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் இதற்குக் காரணம். உமிழ்நீர் வழியாகப் பரவும். தொண்டையில் வெள்ளைப் படலம், கழுத்து முழுக்க நெறி, வாரக்கணக்கில் அசதி என்று படுத்தும். இதைப் பாக்டீரியா என்று நினைத்து அமொக்சிசிலின் சாப்பிட்டால் உடம்பெங்கும் தடிப்பு வரக்கூடும். மண்ணீரலும் வீங்கக்கூடும் என்பதால், குணமான பிறகும் சில வாரங்களுக்குக் காற்பந்து, சிலம்பம் போன்ற மோதல் உள்ள விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. டிங்கிக் காய்ச்சலிலும் சிலருக்குத் தொண்டை வலிக்கும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, வாந்தி இருந்தால், "தொண்டைதான்" என்று முடிவு கட்டாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டிங்கி இல்லை என்று தெரியும் வரை வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போதும். இபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

இதயம் வரை போகும் தொண்டை வலி

பையனுக்கு வருவோம். காய்ச்சல், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறி, டான்சிலில் வெள்ளைச் சீழ், இருமல் இல்லாமை. இந்த நான்கும் சேர்ந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை. ஐந்திலிருந்து பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் 100க்கு 20 முதல் 30 பேருக்கும், பெரியவர்களில் 100க்கு 5 முதல் 15 பேருக்கும் இதுவே காரணம். இருமலும் மூக்கொழுகலும் இருப்பது இந்தப் பாக்டீரியா இல்லை என்பதற்கு நல்ல அடையாளம்.

தொண்டையோடு போய்விட்டால் கவலையில்லை. சிகிச்சை பெறாத சில பிள்ளைகளுக்கு, தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, வேறு விதமாக நோய் திரும்பும். முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு மாறி மாறி வீங்கும். மறுபடி காய்ச்சல் வரும். ஓடினால் மூச்சு வாங்கும். இதுதான் ருமேட்டிக் காய்ச்சல். கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த ஆயுதம், இதயத்தின் வால்வுகளையே தாக்கிவிடுகிறது. வால்வு பழுதானால் வருடக்கணக்கில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, பிறகு சிலருக்கு இதய அறுவை சிகிச்சை. அந்தக் காலத்துத் தோட்டப்புற வீடுகளைப் போல ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுக்கும் இடங்களில் இந்தக் கிருமி சுலபமாகப் பரவும். இன்றும் நெரிசலான குடியிருப்புகளுக்கு அதே ஆபத்துதான்.

நல்ல செய்தி என்னவென்றால், தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கினாலும் ருமேட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். ஆகவே நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. அதே நேரம், "பள்ளி விடுமுறையில் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடவும் கூடாது. மருத்துவர் பெனிசிலின் அல்லது அமொக்சிசிலினைப் பத்து நாளுக்குக் கொடுத்தால் பத்து நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடி விளையாடும். அப்போதுதான் பல வீடுகளில் மருந்து புட்டி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மறந்து போகிறது. மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகி, காய்ச்சலும் விட்ட பிறகுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

தொண்டை வலியோடு, தொட்டால் மணல்தாள் போலச் சொரசொரப்பான சிவப்புத் தடிப்பு உடம்பில் வந்தாலும், நாக்கு ஸ்ட்ராபெரி போலச் சிவந்தாலும் இதே பாக்டீரியாதான். அதற்கும் மருத்துவர் தேவை. சில வாரம் கழித்துச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, முகம் வீங்கினாலோ சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

திரும்பி வந்த தொண்டை அடைப்பான்

நம் பாட்டிமார் "தொண்டை அடைப்பான்" என்று பயத்தோடு சொன்ன நோய் டிப்தீரியா. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தடித்த தோல் போன்ற படலம் படரும். கழுத்து எருதின் கழுத்துப் போல வீங்கும். படலம் மூச்சுக் குழாயை அடைக்கும். கிருமி வெளிவிடும் நஞ்சு இதயத்தையும் நரம்பையும் தாக்கும். இந்த நஞ்சை முறிக்கும் சீரத்துக்காகத்தான் எமில் ஃபோன் பேரிங்குக்கு 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே கிடைத்தது.

தடுப்பூசியால் ஏறக்குறைய மறைந்துபோன இந்த நோய், 2016ஆம் ஆண்டின் நடுவில் மலாக்கா, கெடா உள்ளிட்ட மாநிலங்களில் மறுபடி தலைகாட்டியது. பிள்ளைகள் இறந்தார்கள். தடுப்பூசி போடாத பிள்ளைகள்தான் இதில் பெரும்பாலும் அடிபட்டார்கள். கெடா நமக்குப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் பக்கத்து வீடு. மூடா ஆற்றைத் தாண்டினால் அந்த மாநிலம்.

நம் நாட்டு அட்டவணைப்படி குழந்தைக்கு 2, 3, 5, 18 மாதங்களில் போடும் ஊசியில் டிப்தீரியாவுக்கான பாதுகாப்பும் இருக்கிறது. ஏழு வயதில் பள்ளியில் மறுபடி ஒன்று போடுகிறார்கள். அரசாங்க சுகாதார கிளினிக்கில் இது இலவசம். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால், தாமதமாகப் போனாலும் போடுவார்கள். அதற்காக யாரும் திட்ட மாட்டார்கள்.

கிருமியே இல்லாத வலி

வாரக்கணக்கில் தொண்டை எரிகிறது, காய்ச்சல் இல்லை என்றால், கிருமியைத் தேடுவதை விட்டு அன்றாடப் பழக்கங்களைத் தேட வேண்டும்.

புகைமூட்டம்: 2015இலும் 2019இலும் சுமத்ராவிலிருந்து வந்த புகையில் கொம்தார் கட்டடமே மங்கலாகத் தெரிந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. 200ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்ற நிலை. அந்த நாட்களில் தொண்டை கரிப்பதும் கண் எரிவதும் நோயல்ல, எச்சரிக்கை. வெளியே ஓடுவதை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், வெளியே போயாக வேண்டும் என்றால் என்95 வகை முகக்கவசம் அணியுங்கள்.

குளிர்சாதனக் காற்று: இரவு ஷிஃப்டில் பன்னிரண்டு மணி நேரம் உலர்ந்த காற்றில் நிற்பவர்களுக்கும், படுக்கையில் மூக்கடைத்து வாய் வழியாக மூச்சு விடுபவர்களுக்கும் காலையில் தொண்டை காய்ந்து வலிக்கும். மதியத்துக்குள் சரியாகிவிட்டால் காரணம் அதுதான்.

இரவுச் சாப்பாடு: பத்து மணிக்கு மேல் நாசி கண்டார், மேலே ஒரு தே தாரிக், அப்படியே படுக்கை. வயிற்றுப் புளிப்பு இரவெல்லாம் மேலே ஏறித் தொண்டையைச் சுடும். காலையில் கரகரப்பு, தொண்டையை அடிக்கடி செருமிக்கொள்ளுதல், வாயில் புளிப்பு ஆகியவை இதற்கு அடையாளம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு வாரம் பாருங்கள். பலருக்கு அதுவே பாதி மருந்து.

ஒவ்வாமை: தூசு, பூனை முடி, கரப்பான் பூச்சி இவற்றால் மூக்கில் ஊறும் சளி பின்பக்கமாகத் தொண்டையில் வடிந்துகொண்டே இருக்கும்.

ஆஸ்துமா இன்ஹேலர்: ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் அடித்த பிறகு வாய் கொப்புளிக்காமல் விட்டால் தொண்டையில் வெள்ளைப் பூஞ்சை படரும். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள், கொப்புளிக்க மட்டும் மறக்காதீர்கள்.

சிகரெட், வேப், வெற்றிலை பாக்கு: இவை தொண்டையை எப்போதும் எரிச்சலிலேயே வைத்திருக்கும். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம். பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் இதற்கு ஒரு பெரிய காரணம். இந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஆறாத புண்ணையோ, ஒருபக்கமாகவே தொடரும் தொண்டை வலியையோ "சூடு" என்று ஒதுக்கக் கூடாது.

மீன் முள்: மீன் சாப்பிடும்போது திடீரென்று குத்தி, விழுங்கும் போதெல்லாம் ஒரே இடத்தில் வலித்தால் முள் சிக்கியிருக்கலாம். சோற்றை உருட்டி விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு என்று வீட்டில் சொல்வார்கள். முள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். மருத்துவர் கருவி வைத்து எடுப்பார்.

அந்த அக்கா ஏன் முதலில்?

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் நல்ல மருந்து. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு மட்டும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், அது இரத்தத்தின் வெள்ளை அணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். வெள்ளை அணு இல்லாத உடம்பு காவல் இல்லாத வீடு. கிருமி முதலில் நுழையும் வாசல் தொண்டை என்று மேலே சொன்னோம் அல்லவா? அதனால்தான் முதல் அறிகுறி பல நேரம் தொண்டை வலியும் காய்ச்சலுமாக இருக்கிறது. இரண்டு நாள் பார்லி தண்ணீர் குடித்துக் காத்திருந்தால் கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த மருந்து சாப்பிடுபவருக்குத் தொண்டை வலியோ, காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெள்ளை அணு சரியாக இருந்தால் மருந்தைத் தொடரலாம். அதை மருத்துவர் சொல்வார்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள், மனநலத்துக்குக் குளோசபின் சாப்பிடுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள் எல்லாருக்கும் இதே அவசரம் உண்டு. இவர்கள் மருத்துவமனைப் பதிவு மேசையில் "தொண்டை வலி" என்று மட்டும் சொன்னால் வரிசையின் கடைசியில் உட்கார வைத்துவிடுவார்கள். "நான் இந்த மருந்து சாப்பிடுகிறேன், காய்ச்சலும் இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மருந்துப் பையைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் அம்மாவோ மாமியோ என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உடனே மருத்துவமனை: நேரம் பார்க்காதீர்கள்

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 12ஆம் தேதி பனியிலும் மழையிலும் குதிரையில் தோட்டத்தைச் சுற்றி வந்தார். மறுநாள் தொண்டை வலி. அதற்கடுத்த நாள் இரவு, மூச்சுத் திணறி இறந்துபோனார். அன்றைய வழக்கப்படி மருத்துவர்கள் அவருடைய இரத்தத்தைத்தான் லிட்டர் கணக்கில் எடுத்தார்கள். குரல்வளையை மூடும் சின்ன மடல் வீங்கி மூச்சுப் பாதையை அடைத்திருக்கும் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். குழந்தைகளில் இந்த நோய்க்கு முக்கியக் காரணமாக இருந்த ஹிப் கிருமிக்கு இப்போது தடுப்பூசி இருப்பதால் இது அரிதாகிவிட்டது. ஆனாலும் பெரியவர்களுக்கு இன்றும் வருகிறது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். பினாங்கு மருத்துவமனை, செபராங் ஜெயா மருத்துவமனை போன்றவற்றின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள்:

• மூச்சு விடச் சிரமம், மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம்

• எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வடிதல்

• வாயைத் திறக்க முடியாமை, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல், ஒரு பக்கம் மட்டும் கடும் வலி (டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம்)

• கழுத்து வேகமாக வீங்குதல், கழுத்தை வளைக்க முடியாமை

• தொண்டையில் சாம்பல் நிறப் படலம்

• எச்சிலிலோ சளியிலோ இரத்தம்

• எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாத, சோர்ந்து விழும் குழந்தை

• மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல்

• மேலே சொன்ன மருந்துகள் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி

எச்சில் வடிய, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும் பிள்ளையின் வாயில் கரண்டியை விட்டுத் தொண்டையைப் பார்க்காதீர்கள். படுக்கவும் வைக்காதீர்கள். வீங்கிய மடல் முழுவதும் அடைத்துவிடலாம். பிள்ளை எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படியே மடியில் வைத்து அழைத்துச் செல்லுங்கள்.

ஓரிரு நாளில் கிளினிக்

இவை அவசரம் இல்லை. ஆனால் தள்ளிப் போடவும் கூடாது:

• இருமல் இல்லாமல் காய்ச்சல், நெறிக்கட்டு, டான்சிலில் சீழ்

• இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல்

• உடம்பில் தடிப்பு, மூட்டு வீக்கம்

• ஒரு வாரம் ஆகியும் குறையாத வலி, அல்லது குறைந்து மறுபடி கூடும் வலி

• முன்பு ருமேட்டிக் காய்ச்சல் வந்தவருக்கு எந்தத் தொண்டை வலியும்

• மூன்று வாரத்தைத் தாண்டிய குரல் கம்மல், கழுத்தில் கரையாத கட்டி, விழுங்கச் சிரமம், உடல் இளைப்பு (இவற்றுக்குக் காது, மூக்கு, தொண்டை நிபுணர் பார்க்க வேண்டும்)

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. பணத்தை நினைத்துத் தாமதிக்கத் தேவையில்லை.

வீட்டு வைத்தியத்தில் எது சரி?

நம் வீட்டு வைத்தியத்தில் பாதி சரியானதுதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்புளிப்பது வீக்கத்தைத் தணிக்கும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதை விழுங்கிவிடுவார்கள், வேண்டாம். தேன் இருமலுக்கும் கரகரப்புக்கும் இதமானது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் ஒரு துளியும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும். மிளகு ரசம், இஞ்சிக் கஷாயம், மஞ்சள் பால், கஞ்சி எல்லாம் தொண்டைக்கு இதம். கிருமியைக் கொல்லாவிட்டாலும், நீர்ச்சத்து குறையாமல் காக்கும். ஐஸ் தொட்டால் கூடும் என்பது நம்பிக்கைதான். புண்ணான தொண்டைக்கு ஐஸ்கிரீம் ஒரு வாய் இறங்கினால் கொடுக்கலாம்.

பார்லி தண்ணீரும் கெடுதல் இல்லை. "சூடு" என்று பெயர் வைத்துவிட்டதாலேயே காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் கெடுதல்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டைத் தாண்டாமல் சாப்பிடலாம். சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையைப் படித்துவிட்டுச் சேர்த்து எண்ணுங்கள். குழந்தைகளுக்கு வயதைவிட எடையைப் பார்த்து அளவு கேளுங்கள். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடாது.

கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக்

பொறியாளர் கேட்ட ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்டீரியாத் தொண்டை வலியில்கூட அது நோய் நாட்களைச் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே குறைக்கிறது. வைரஸ் என்றால் பலனே இல்லை. கிடைப்பது வயிற்றுப்போக்கும் தடிப்பும்தான். மீதம் வைத்திருந்த மாத்திரையைத் தம்பிக்குக் கொடுப்பதும், பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பெயரை மருந்தகத்தில் கேட்பதும் அதைவிட மோசம். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பது நம் சட்டப்படி குற்றம். அரைகுறையாகச் சாப்பிட்டுப் பழகிய கிருமி, நாளை உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்துக்கு அடங்காது. "எனக்கு ஆன்டிபயாட்டிக் தேவையா, ஏன்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். "தேவையில்லை" என்று சொல்லி எம்.சி. மட்டும் எழுதிக் கொடுக்கும் மருத்துவர் உங்களை ஏமாற்றவில்லை.

டான்சில் ஆபரேஷன் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு வருடத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஐந்தைந்து முறை, அல்லது மூன்று வருடம் மும்மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்தால் நிபுணர்கள் அதைப் பற்றி யோசிப்பார்கள். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கும் பிள்ளைக்கும் அது பயன்படும். மற்றவர்களுக்குப் பொறுத்திருப்பதே நல்லது. ஆகவே எத்தனை முறை வந்தது என்று நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

பினாங்கு கொடுத்த முகக்கவசம்

தொண்டை வலி வந்தவர் வீட்டில் தனி டம்ளர், தனி துண்டு வைத்துக்கொள்ள வேண்டும். கை கழுவ வேண்டும். கூட்டத்துக்குள் போனால் முகக்கவசம் போட வேண்டும். முகக்கவசம் நம் ஊருக்கு அந்நியமானதல்ல. 1879இல் இதே ஜார்ஜ் டவுனில் பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியன் டே, 1910–11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை மருத்துவர்களும் மக்களும் அணிய வேண்டும் என்று வற்புறுத்தினார். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் அவர் வழிதான் வென்றது.

இப்போது அந்தப் பெஞ்சுக்குத் திரும்புவோம். பொறியாளர் எம்.சி. வாங்கிக்கொண்டு, உப்புத் தண்ணீரும் பாராசிட்டமாலுமாக வீட்டுக்குப் போகலாம். பையனுக்கு மருத்துவர் தொண்டையைப் பார்த்து, தேவைப்பட்டால் பத்து நாள் மருந்து எழுதுவார். அம்மா பத்து நாளும் கொடுக்க வேண்டும். அக்கா இன்றைக்கே, இந்த மணிக்கே, இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மூவரும் சொன்னது ஒரே வார்த்தைதான். வித்தியாசம் அதோடு சேர்ந்து வந்தவற்றில் இருக்கிறது: எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். இந்த நான்கு கேள்விக்கும் பதிலோடு கிளினிக்குக்குப் போங்கள். உங்கள் வீட்டில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் அக்கா யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை இன்று அவரிடம் படித்துக் காட்டுங்கள்.